நானூற்றுப் பன்னிரண்டு கோடுகள்

"கத்திரிக்கோலை எங்கடி வச்சே?"

"நான் எடுக்கவே இல்ல. நேத்து நீதானே அட்டை வெட்டினே?"

"வெட்டினேன். அப்புறம் நீ ஒதுங்க வச்சே. நீ ஒதுங்க வச்சா போலீஸ் நாய் வந்தாலும் கண்டுபிடிக்காது."

தங்கை முணுமுணுத்துக்கொண்டே உள்ளறைக்குப் போனாள். கத்திரிக்கோல் தையல் மிஷின் மேல் ஒரு செய்தித்தாளுக்கு அடியில் கிடந்தது. அதை ஆட்டிக் காட்டியபடி அவள் திரும்பி வந்தபோது அக்கா மேசைமேல் தலையைச் சாய்த்திருந்தாள். விரலில் சணல் சுற்றியிருந்தது.

"எந்திரி, கண்ணாடி நசுங்குது" என்றாள் தங்கை. இரண்டாவது முறை சொல்லும்போதே தெரிந்துவிட்டது.

அது செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலை பத்து மணிக்கு நகராட்சிக் கூடத்தில் அக்காவின் கண்காட்சி. அதே நாள் மூன்று மணிக்கு அடக்கம் என்று அண்ணன் முடிவு செய்தார்.

அக்கா முப்பது வருஷம் நகராட்சியின் பழைய ஆவணங்களோடு குடித்தனம் நடத்தியவள். எல்லாப் பெண்களுக்கும் ஓட்டுரிமை வந்த முதல் தேர்தலின் வாக்காளர் பட்டியல் கரையான் அரித்த ஒரு கட்டுக்குள்ளிருந்து அவள் கைக்குக் கிடைத்தது. அப்போது பெயர் எழுத வீடு வீடாக ஆண்கள் போயிருக்கிறார்கள். வாசலில் நிற்கும் அந்நிய ஆளிடம் எந்தப் பெண் தன் பெயரைச் சொல்லுவாள்? பலபேர் சொல்லவில்லை. வந்தவர்களும் "கொல்லர் மனைவி", "சலவைக்காரர் தாய்" என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெயரில்லாதவருக்கு ஓட்டில்லை என்று பிற்பாடு அலுவலகத்தில் யாரோ உட்கார்ந்து, அளவுகோல் வைத்து, சிவப்பு மையில் அடித்திருந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஓட்டு வந்த வருஷமே ஓட்டு போனவர்கள்.

அந்தப் பக்கங்களைச் சிவப்புக் கோட்டோடு பெரிதாக அச்சடித்து எட்டடிப் பலகையில் ஒட்டினாள் அக்கா. ஒவ்வொரு வரிக்கும் எதிரே வெற்றிடம். ஏழு வருஷம் தெருத்தெருவாக அலைந்து, பேரன் பேத்திகளைக் கேட்டு, பெயர்களை நிரப்பினாள். முப்பத்தொன்று மட்டும் அகப்படவில்லை. பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிந்தால் அவர்களே எழுதட்டும் என்று பலகையில் பென்சில் கட்டித் தொங்கவிடத்தான் அந்தச் சணல்.

புதன்கிழமை காலை எட்டரைக்குக் கூடத்தின் மேலாளர் துக்கம் விசாரிக்க வந்தார். அண்ணன் அவரை அக்காவின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"அம்மாவுக்கு நாங்க செய்யற மரியாதை" என்றார் மேலாளர். "அவங்க படத்தைப் பெரிசா போட்டு, சட்டம் அடிச்சு, நடுச்சுவர்ல மாட்டிட்டோம். ராத்திரியே வேலை முடிஞ்சுது."

"நடுச்சுவர்ல பலகை இருந்துதே?" என்றாள் தங்கை.

"அது பின்னால ஸ்டோர் ரூம்ல பத்திரமா இருக்கு. இன்னைக்கு எல்லாரும் அம்மாவைத்தானே நினைக்கணும்?"

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க குடும்பத்துக்கே பெருமை சார்."

தங்கை அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். எங்கே ஒரு வரி விடுபட்டது என்று தேடியே இருபது வருஷம் போயிருக்கிறது. ஆறு மாதமாக இந்த மேலாளர், "நம்ம ஆபீஸ் தப்பை நாமே ஊரைக் கூட்டிக் காட்டணுமா?" என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு நடக்காததை இப்போது மரியாதை செய்து முடித்துவிட்டார். அவள் எழுந்து அக்காவின் விரலிலிருந்து நேற்றுக் கழற்றி வைத்த சணலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்டே?" என்றார் அண்ணன்.

"கூடத்துக்கு."

"பொணம் வீட்டுல கிடக்கு. ஊரு என்ன பேசும்?"

"அக்கா மூணு மணி வரைக்கும் எங்கயும் போகமாட்டா அண்ணே. பார்க்க வர்றவங்க பத்து மணிக்கு வந்துட்டுப் போயிடுவாங்க."

"உடன்பொறந்தவ படத்தையே வேண்டாங்கிறியா?"

"அவ பேரு ஊருக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

கூடத்தில் தச்சர் மட்டும் இருந்தார். ஆறடி இரண்டு அங்குலம். அக்கா அவரை ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவாள். சுவரில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். எப்போதோ அடையாள அட்டைக்கு எடுத்த படம். பெரிதாக்கியதில் முகம் கொஞ்சம் மங்கியிருந்தது. தங்கை ஏணியில் ஏறித் தானே அதைக் கழற்றினாள்.

"இதை எங்கம்மா வைக்கிறது?"

"ஜன்னலுக்கு அந்தப் பக்கம், நிழல்ல வைங்க. அவளுக்கு வெயில் ஆகாது."

பலகையை இருவருமாகத் தூக்கி வந்தார்கள். தச்சர் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

"இன்னும் ஒரு சாண் இறக்குங்க" என்றாள்.

"சரியா கண்ணுக்கு நேரா இருக்கேம்மா."

"உங்க கண்ணுக்கு. படிக்க வர்றவங்க என் உசரம்."

அவர் ஆணியைப் பிடுங்கினார். அவள் சணலைப் பல்லால் கடித்து அறுத்துப் பென்சிலைக் கட்டினாள்.

மேலாளர் வந்து சேர்ந்தபோது மணி பத்தாகப் பத்து நிமிஷம். பலகையைப் பார்த்தார், படத்தைத் தேடினார். வாசலில் அதற்குள் இருபது முப்பது பெண்கள் கூடியிருந்ததால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது சரியில்லம்மா. நான் மேலிடத்துக்கு எழுத வேண்டியிருக்கும்."

"எழுதுங்க சார். அனுப்பறதுக்கு முன்னால குடுங்க, பிழை பார்த்துத் தர்றேன்."

தச்சர் இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தங்கை போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

பெண்கள் உள்ளே வந்தார்கள். வரிசையாக நின்று, விரல் வைத்துப் படித்தார்கள். சிலர் நிரப்பிய பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு மணிக்கு அண்ணன் வந்தார், கோபமாகத்தான் வந்தார். கூட்டத்துக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் படித்தார். பிறகு, "வண்டி வந்தாச்சு" என்று மட்டும் சொன்னார்.

"இதோ வர்றேன் அண்ணே."

அப்போது சலவைக்கடைப் பெண் ஒருத்தி பலகைக்கு முன்னால் இருந்தாள். கை ஈரத்தில் ஊறி வெளுத்திருந்தது. "சலவைக்காரர் தாய்" என்று அவள் வீட்டுக் கதவு எண்ணோடு இருந்த வரியில் விரல் நின்றது.

"இது எங்க வீட்டுக்காரரோட பாட்டியம்மா. நான் எழுதலாமா?"

தங்கை பென்சிலை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். அவள் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். எழுதி முடித்ததும் பக்கத்திலிருந்த சிவப்புக் கோட்டைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். அச்சடித்த கோடு. அப்படியே இருந்தது.