ஓஸ்லாவின் முதுகில் புதுக் கூடை

ஓஸ்லாவின் முதுகில் புதுக் கிஷி ஏறியிருப்பதைக் கிர்ஸி தூரத்திலேயே பார்த்துவிட்டாள். அடுப்பெரிக்கச் சதுப்பில் வெட்டிக் காயவைத்த எரிமண் கட்டி சுமக்கிற வைக்கோல் கூடைதான். ஷெட்லாண்டுத் தீவுகளில் அது ஏறாத முதுகு எது? ஆனால் கிஷி முடைவது ஆண்கள் வேலை. குளிர்காலத்தில் படகைக் கரையேற்றிவிட்டு அவரவர் வீட்டுக்கு அவரவர் முடைவார்கள். ஓஸ்லாவின் புருஷனைக் கடல் கொண்டுபோய் வருஷங்கள் ஆயிற்று. அப்படியானால் இதை முடைந்தது யார்?

கையில் பின்னிக்கொண்டிருந்த காலுறையை நிறுத்தாமலே கிர்ஸி நடையை எட்டிப் போட்டாள். கிட்டே போனதும் தெரிந்துவிட்டது. கூடையின் அடிமூலையில் கோரைக்கயிறு இரட்டை முறுக்காகத் திரும்பியிருந்தது. அதே முறுக்கு கிர்ஸியின் முதுகிலிருந்த கூடையிலும் இருந்தது. முடைகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு கை உண்டு. இது அவள் புருஷன் ராஸ்மியின் கை.

"கூடை புதுசா இருக்கே ஓஸ்லா. யாரு முடைஞ்சது?"

"தெரிஞ்சவங்கதான்க்கா." ஓஸ்லா நிற்காமல் நடந்தாள்.

பின்னால் வந்த பக்கத்து வீட்டுச் சினி சும்மா இருப்பாளா? "எங்க வீட்டு ஆளு எனக்கு முடையறதுக்கே மூக்கால அழுவாரு. உனக்கு யோகம்டி ஓஸ்லா," என்றாள். சொன்னது ஓஸ்லாவுக்கு, பார்த்தது கிர்ஸியை.

அன்றிலிருந்து கிர்ஸிக்கு அதே நினைப்புதான். யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. மதியம் சாய்ந்ததுமே இருட்டிவிடுகிற மாதம். இருட்டியதும், "படகுக்காரங்களைப் பாத்துட்டு வரேன்" என்று ராஸ்மி கிளம்பிவிடுகிறான். கொட்டகையில் வைக்கோல் குறைகிறது, வீட்டில் ஒரு கூடைகூட எழும்பவில்லை. கேட்டால் எலி என்கிறான். கோரைக்கயிற்றையும் சுருட்டிக்கொண்டு போகிற எலியை அவள் இதுவரை கண்டதில்லை.

முகம் கொடுத்துப் பேசுவதையும் விட்டுவிட்டான். ஒருநாள் தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினான். நினைப்பு அங்கே கிடந்தால் கை இங்கே எப்படி நிற்கும்? ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் ஓஸ்லா எதிரே வந்தபோது யாரோ எவரோ என்று கடந்துபோனான். அந்த நடிப்புதான் கிர்ஸிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒன்று மட்டும் இடித்தது. ஓஸ்லாவின் கூடையில் நடுவே ஒரு வரி கயிறு விட்டுப்போய் வைக்கோல் பிதுங்கியிருந்தது. ராஸ்மி அப்படி முடைகிற ஆளில்லை. அவசரமாக முடைந்திருப்பான் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். என்ன அவசரம் என்று யோசித்தபோது அவள் காது சுட்டது.

கடைசியில் ஒருநாள் அவன் கிளம்பியதும் சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே போனாள். அவன் ஓஸ்லா வீட்டுக்குள்தான் நுழைந்தான். கிர்ஸி சின்ன ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தாள். அடுப்பு வெளிச்சத்தில் ராஸ்மி தரையில் உட்கார்ந்திருந்தான். மடியில் பாதிக் கூடை. கண்ணைச் சுற்றி ஒரு துணி. எதிரே ஓஸ்லா.

கதவை ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

"கண்ணாமூச்சி நல்லாத்தான் நடக்குது. வெக்கமா இல்லையாய்யா உனக்கு?"

ராஸ்மி துணியை அவிழ்க்கவில்லை. கை மட்டும் நின்றது.

"அண்ணே, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள் ஓஸ்லா.

"இடது கண்ணு போன வருஷமே போச்சு கிர்ஸி," என்றான் ராஸ்மி. "வலதுல ஏதோ பனிமூட்டத்துக்குள்ள பாக்கற மாதிரி இருக்கு. அதுவும் போறதுக்குள்ள கை பழகணும். அதான் கட்டிக்கிட்டு முடையறேன்."

மீதியை ஓஸ்லா சொன்னாள்.

"கரையில கயித்த நீட்டினேன்க்கா. இவரு பக்கத்துல காத்தைப் புடிச்சாரு. அப்பவே தெரிஞ்சுபோச்சு. இதை மறைச்சுக்கிட்டு வசந்தத்துல படகேறப் பாத்தாரு. ஆறு பேரு துடுப்புப் போடற படகு. கண்ணு தெரியாம இவரு உக்காந்தா, மத்த அஞ்சு பேரு பொண்டாட்டிங்களும் என்னை மாதிரி நிக்கணுமா? ஊருல சொல்லிப்புடுவேன்னேன். படகை விட்டுடறேன், முடைஞ்சு பொழைச்சுக்கறேன்னாரு. உங்களுக்கு மட்டும் அவரே சொல்ற வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"சொன்னா நீ உடைஞ்சுபோயிடுவேன்னு பயந்தேன்," என்றான் ராஸ்மி.

சண்டைக்கு வந்தவள் கிர்ஸி. இவள்மேல் ஆசைப்பட்டு வந்திருந்தால்கூடத் தேவலையே, இழுத்துக்கொண்டாவது போயிருப்பேனே என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. இத்தனை நாளும் அவன் போன இடம், வந்த நேரம், எடுத்த வைக்கோல் எல்லாவற்றையும் வேவு பார்த்தவள், அவன் கண்ணை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டாள். அதை ஓஸ்லா பார்த்திருக்கிறாள்.

"துணியை அவுருய்யா," என்றாள்.

அவிழ்த்தான்.

"என் முகம் தெரியுதா?"

"ஏன் தெரியாம, நல்லாத் தெரியுது," என்றான் ராஸ்மி, அவளுக்குப் பக்கத்திலிருந்த சுவரைப் பார்த்து.

கிர்ஸி சத்தமில்லாமல் நகர்ந்து அந்தச் சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.