ஹெரானுக்கு ஒரு சாதகம்

கப்பலுக்குச் சாதகம் எழுதிய மனிதர் லண்டனில் யோகராஜா ஒருவராகத்தான் இருப்பார். தேம்ஸ் கரையிலிருந்த சின்னக் கப்பல் அருங்காட்சியகம் ஒன்றில் அவருக்குக் காவல் வேலை. எட்டு மணித்தியாலம் ஒரே நாற்காலி. எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் ‘ஹெரான்’ என்ற நீராவிக் கப்பலின் மாதிரி, இரு பக்கமும் துடுப்புச் சக்கரத்தோடு நிற்கும். 1842 மார்ச் மூன்றாம் திகதி காலை பதினொரு மணிக்குத் தேம்ஸில் இறக்கப்பட்டது என்று அட்டையில் போட்டிருந்தது. பிறகு ஐராவதி ஆற்றில் பர்மாக்காரரின் ஊர்களைப் பீரங்கியால் சுட்டு, 1853இல் அவர்கள் மிதக்கவிட்ட தீத்தெப்பம் மோதி எரிந்து போனதாம். கேளாமல் அடுத்தவன் ஆற்றுக்குள் புகுந்தால் வேறென்ன நடக்கும்?

பிறந்த நேரம் இவ்வளவு சுத்தமாகக் கிடைத்தால் ஒரு யாழ்ப்பாணத்தான் சும்மா இருப்பானா? நூலகத்தில் பழைய கிரகநிலைப் புத்தகமொன்றைத் தேடிப் பிடித்தார். நேரக் கணக்குக்கு மட்டும் வழக்கம்போலப் பையில் கிடந்த யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். நாலு தேநீர் இடைவேளையில் சாதகம் முடிந்தது. பதினொரு வயதில் நெருப்பால் கண்டம், ஆயுள் அவ்வளவுதான் என்று வந்தது. யோகராஜா தாளை அவசரமாக மடித்துப் பைக்குள் ஒளித்தார்.

காரணம் இருந்தது. அவருடைய சாதகத்தில் ஆயுள் நாற்பத்திரண்டு. வருகிற மாதம், 1988 மார்ச்சில், நாற்பத்திரண்டு முடிகிறது. இதை மனைவி சிவகௌரிக்குக்கூட அவர் சொல்லவில்லை. சாகப் போகிறவனுக்குப் புதுக் கோட் எதற்கென்று, பெப்ரவரிக் குளிரில் முழங்கை கிழிந்த கோட்டோடே திரிந்தார்.

அந்த வியாழக்கிழமை பொறுப்பாளர் விட்கோம்ப் அம்மையார் ஒரு கட்டுப் பழைய கடிதங்களோடு ஓடி வந்தார். ஹெரானின் இஞ்சினியரும் அவர் மகனும் வீட்டுக்கு எழுதியவை.

“மிஸ்டர் யோகா, எங்கள் அட்டை பிழை! கப்பல் அன்றைக்குச் சாகவில்லை!”

எரிந்தது ஒரு பக்கத்துச் சக்கரம் மட்டும்தானாம். கல்கத்தாவில் புதுச் சக்கரம் மாட்டி, கங்கையில் இன்னொரு சண்டைக்கு இழுத்துப் போய், கடைசியில் நெல் மூட்டை ஏற்றி 1889 வரை ஓடவிட்டிருக்கிறார்கள்.

“சாகேல்லையோ? அப்ப சாதகம் பொய்!” என்று தமிழில் கூவிக்கொண்டு யோகராஜா அம்மையாரின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். இந்த மனிதருக்கு வரலாற்றில் இவ்வளவு பற்றா என்று அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று மாலை யோகராஜா கிழக்கு லண்டன் பிளேஸ்டோவிலிருந்த தன் வீட்டு வாசலில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டினார்: கப்பல், நாற்பத்திரண்டு, இத்தனை வருடப் பயம். சிவகௌரி ஊரில் பள்ளிக்கூடக் கணக்கு ரீச்சராக இருந்தவள். அழுவதற்கு முன் கப்பலின் சாதகத்தை வாங்கிப் பார்த்தாள்.

“இஞ்சருங்கோ, கப்பல் பிறந்தது எங்க?”

“இஞ்சதான், லண்டனில.”

“அப்ப ஏன் யாழ்ப்பாண நேரத்தை வைச்சு எழுதியிருக்கிறியள்? அஞ்சு மணித்தியாலத்துக்கு மேல பிசகு. நட்சத்திரமே மாறிப்போச்சு!”

ஒரு கடித உறையின் முதுகில் கணக்கைத் திருப்பிப் போட்டாள். ஆயுள் நாற்பத்தேழு என்று வந்தது. 1842உம் நாற்பத்தேழும் 1889.

யோகராஜா கதிரையில் பொத்தென்று இருந்தார். சாத்திரம் பொய்யில்லை. பிழைவிட்டது அவர்தான். அப்படியானால் அந்த நாற்பத்திரண்டு?

“நீங்கள் எங்க பிறந்தனீங்கள்?” என்றாள் சிவகௌரி.

“ஈப்போவில. அப்பா அப்ப மலாயா ரயில்வேயில. ஏன் கேக்கிறீர்?”

“உங்கட சாதகம் ஆர் எழுதினது?”

“ஊரில, சுன்னாகத்துச் சாத்திரியார். அப்பா பிறந்த நேரத்தைக் கடிதத்தில எழுதி அனுப்ப, அவர்...”

பாதியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. ஈப்போ மணிக்கூட்டுக்கும் சுன்னாகத்து மணிக்கூட்டுக்கும் இரண்டு மணித்தியாலம் வித்தியாசம். சாத்திரியாரோ யாழ்ப்பாணத்தின் வாசலான ஆனையிறவைத் தாண்டாதவர். உலகம் முழுக்கச் சுன்னாகத்து நேரத்துக்குத்தான் விடிகிறது என்று நம்பியவர்.

இருவருக்கும் சிரிப்புப் பீறிட்டது. அவர் சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து சரிய, பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார்.

“புதுசா எழுதிப் பாக்கட்டோ?”

“ஐயோ, வேண்டாம்!”

அவள் கேட்கவில்லை. உறையின் மிச்ச இடத்தில் எழுதிப் பார்த்து, வந்த எண்ணைச் சொல்லாமல் நாலாக மடித்தாள். பிறகு சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள்.

“சனிக்கிழமை போய்க் கோட் வாங்குவம். முப்பது வருசத்துக்குக் கிழியாததாப் பாருங்கோ.”