கூடமும் கோணல்தான்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழியைச் சொல்லி வைத்த புண்ணியவான் யாரோ, அவர் சின்ன அறையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டவர் இல்லை என்று அடித்துச் சொல்லலாம். கேட்டிருந்தால், ஆடியவளைப் பழிக்கும் முன் கூடத்தையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்திருப்பார். அந்தப் பழமொழியைச் செல்லக்கனி தன் கணவனின் அண்ணன் வாயால், அதுவும் அடுத்தவர் வீட்டில் நின்றுகொண்டு, கேட்க வேண்டி வந்தது. அது தொண்ணூற்று மூன்றாம் வருஷம், ஆவணி மாதம்.

செல்லக்கனி ராஜபாளையத்தில் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தாள். கணவன் பொன்னுராஜுக்கு ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை. வாரத்துக்கு ஒருநாள் வீட்டில் இருப்பான், அந்த ஒருநாளும் தூங்குவான். அவள் கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் நூல் மில்லில் இருந்தவள். கடைக்கு வந்த பிறகு மைக் செட்காரர்கள் கொண்டுவரும் கிழிந்த ஸ்பீக்கர்களுக்குக் காகிதம் ஒட்டிப் பழகி, மெல்ல மெல்லப் பெட்டியே செய்ய ஆரம்பித்துவிட்டாள். பெட்டிகள் நன்றாகத்தான் பாடின, வாங்கத்தான் ஆள் இல்லை. பெண்பிள்ளை செய்த ஸ்பீக்கர் பெட்டி என்று தெரிந்ததும் வந்தவர்கள் ஒரு காலிக் கேசட்டை மட்டும் வாங்கிக்கொண்டு நழுவிவிடுவார்கள்.

கடை இருந்த கட்டடம் கணவனின் அண்ணன் வைகுண்டராஜுக்குச் சொந்தம். அவருக்குப் பேண்டேஜ் துணி வியாபாரம், சரக்கு அடுக்க இடம் போதவில்லை. தம்பி பெண்டாட்டி அட்டையும் பசையுமாக உட்கார்ந்திருக்கும் அந்த இடம் அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. கெட்ட மனிதர் இல்லை, ஆனால் நம்பிக்கை வைக்கத் தெரியாத மனிதர்.

அப்படி இருக்கையில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அழகியமணவாளன் வந்தார். தபால் இலாகாவில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டுக் கேட்பதற்கென்றே வீட்டில் ஓர் அறை ஒதுக்கி, சென்னையிலிருந்து ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கி வைத்திருந்தார். வந்தவர் வாசல் நாற்காலியில் இருந்த வைகுண்டராஜைத்தான் கடைக்காரர் என்று எண்ணிக்கொண்டு பேசினார்.

“வலந்தலை கணீர்னு கேக்கறது. தொப்பிப் பக்கம் இருக்கற எடமே தெரியலை. மிருதங்கத்துல பாதியைக் காக்கா தூக்கிண்டு போயிடுத்தோன்னு இருக்கு. இதுக்கு என்ன பண்ணலாம்?”

மிருதங்கத்துக்குக் கணீரென்ற வலப்பக்கம் வலந்தலை, கனத்த சத்தம் தரும் இடப்பக்கம் தொப்பி என்று இரண்டு பக்கம் உண்டு என்பதே வைகுண்டராஜுக்கு அன்றைக்குத்தான் தெரியும். செல்லக்கனி உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அடிச்சத்தத்துக்குன்னு தனியா ஒரு பெட்டி போடணும் சார். சப்-ஊஃபர்னு சொல்வாங்க. ரூம் எம்புட்டு இருக்கும்?”

“ஒம்பதுக்குப் பத்து. மதுரைக் கடைக்காரர் பதினைஞ்சு இஞ்ச்தான் போடணும்கறார்.”

“அந்த ரூமுக்குப் பதினைஞ்சைப் போட்டா தொப்பி கேக்காது சார், இடிதான் கேக்கும். பத்து இஞ்ச் போதும். ஓட்டை வைக்காம, நாலு பக்கமும் மூடுன பெட்டி. அடிச்ச அடி அந்த இடத்துலயே நிக்கும், இழுக்காது.”

அழகியமணவாளன் அவள் சொன்னது சரிதானா என்று வைகுண்டராஜைப் பார்த்தார். வைகுண்டராஜ் பெரிய மனுஷ தோரணையில் தலையை ஆட்டி வைத்தார். கடைசியில் முடிவானது இதுதான்: ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர்கள் பெட்டி வரட்டும், மாலை நான்கு மணிக்கு மதுரைக்காரர் பெட்டி வரட்டும், காதுக்கு எது பிடிக்கிறதோ அது வீட்டில் நிற்கும்.

அவர் போனதும் வைகுண்டராஜ் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“நானும் கூட வாரேன், என் கண்ணால பாக்கணும். பெட்டி அங்க நின்னுச்சுன்னா கடை ஒனக்கு, இனி அதப் பத்திப் பேசமாட்டேன். திரும்பி வந்துச்சுன்னா திங்கக்கெழம இங்க பேண்டேஜ் கட்டு எறங்கும். அம்புட்டுதான்.”

“சரி அத்தான்” என்றாள் செல்லக்கனி. வேறு என்ன சொல்ல முடியும்? அன்றைக்கே வேலையை ஆரம்பித்தாள். முக்கால் அங்குலப் பிளைவுட்டை அறுத்து, இணைப்புகளுக்கு இரண்டு முறை பசை போட்டு, ஒரு பொட்டுக் காற்றுக்கூட வெளியே போகாதபடி பெட்டியை மூடினாள். தட்டிப் பார்த்தால் பழுத்த பலாப்பழம் போலப் பேசியது. கடையில் வைத்துக் கேட்டபோது மனம் நிறைந்துவிட்டது.

ஞாயிறு காலை பஸ்ஸில் பெட்டியோடு போய் இறங்கினார்கள். அழகியமணவாளன் வீட்டில் வரவேற்பு பலமாக இருந்தது. அறையின் ஒரு சுவரில், மார்பளவு உயரத்தில், நடு மத்தியில் ஒரு கடப்பைக்கல்லைத் தட்டு போலப் பதித்து வைத்திருந்தார். கல்லில் கோலம்கூடப் போட்டிருந்தது.

“நாதம் வர்ற வஸ்து. காலடியில வைக்கப்படாது” என்றார்.

செல்லக்கனிக்கு அது தவறாகவே படவில்லை. அவள் வீட்டிலும் ரேடியோ சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது, நோட்டில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவள் அவள். பெட்டியைக் கல்லின் மேல் ஏற்றிச் சந்தனப் பொட்டும் வைத்தாள். தன் பெட்டிக்கு ஒரு பெரிய வீட்டில் இத்தனை மரியாதையா என்று உள்ளுக்குள் பூரிப்பு வேறு.

அழகியமணவாளன் அறையின் நட்டநடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். ஒரு கச்சேரிக் கேசட்டின் தனி ஆவர்த்தனம் ஓடத் தொடங்கியது. வலந்தலை கணீரென்று கேட்டது. தொப்பி எங்கே என்றால், காக்கா கொண்டுபோனது இன்னும் திரும்பி வரவில்லை.

“ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே” என்றார் அவர், வைகுண்டராஜைப் பார்த்து.

செல்லக்கனி ஒயரைப் பார்த்தாள், பெட்டியைக் கழற்றிப் பார்த்தாள், மறுபடி முடுக்கினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சத்தத்தைக் கூட்டினால் பரணில் இருந்த பித்தளை அண்டா கிணுகிணுத்ததே தவிர நாற்காலியில் ஒன்றும் கேட்கவில்லை. மணி இரண்டு ஆனது. சாப்பிடக் கூப்பிட்டார்கள், அவள் போகவில்லை.

“ரூம்ல என்னமோ இருக்கு அத்தான்” என்றாள் மெதுவாக.

அப்போதுதான் வைகுண்டராஜ் அந்தப் பழமொழியைச் சொன்னார். சொல்லிவிட்டு, “பொறப்படு, நாலு மணிக்கு முன்ன போயிருவோம். மருவாதியாவது மிஞ்சும்” என்றார்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரும் பார்க்க வேண்டாம் என்று, பாட்டை நிறுத்தாமலே அறையை விட்டு வெளியே நடந்தாள். நிலைப்படியைத் தாண்டப்போகும் இடத்தில் காலடியில் ‘தொம்’ என்றது. அப்படியே நின்றாள். மறுபடியும் தொம், தொம். தேன் போலத் திரண்ட தொப்பிச் சத்தம் அவள் பெட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு எட்டு அறையின் நடுப்பக்கம் வந்தாள், சத்தம் செத்துப் போனது. மூலைக்குப் போனாள், காது அடைக்கும்படி முழங்கியது. பெட்டி பாடிக்கொண்டுதான் இருந்தது. பாட்டு எட்டாத ஒரே இடத்தைத் தேடிப் பிடித்து நாற்காலி போட்டிருந்தார்கள். பெட்டியையும் பார்த்துப் பார்த்துச் சுவரின் நடு மத்தியில் அந்தரத்தில் ஏற்றியிருந்தார்கள்.

அழுகை போன இடம் தெரியவில்லை.

“சார், நாற்காலிய ஒரு மொழம் பின்னால தள்ளணும்.”

“ஃபேன் காத்து வராதேம்மா?”

“காத்து வேணுமா சார், தொப்பி வேணுமா?”

அவர் எழுந்துவிட்டார். அவள் நாற்காலியை நகர்த்தி, கல்லிலிருந்த பெட்டியை இறக்கி, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மேலேயே தூக்கி வைத்தாள்.

“இப்ப நீங்க இருக்க வேண்டிய இடத்துல பெட்டி இருக்கு. பெட்டி இருக்க வேண்டிய இடத்த நான் தேடப்போறேன். தரையில எந்த இடத்துல தொப்பி திருத்தமாக் கேக்குதோ, அந்த இடத்துல பெட்டிய வச்சா நாற்காலிக்கும் அதே மாதிரிக் கேக்கும். பெட்டி தரையிலதான் சார் இருக்கணும்.”

“தரையிலயா? அதெல்லாம் முடியாது!” அழகியமணவாளன் குரல் உயர்ந்துவிட்டது. “சரஸ்வதியைக் கொண்டுபோய்க் காலடியில...”

அதுவரை கதவோரத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஸாவித்ரி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“ஏன்னா, நம்ம கல்யாணக் கச்சேரியில மிருதங்கம் வாசிச்சவர் அலமாரி மேலயா ஏறி உக்காந்துண்டார்? தரையிலதானே உக்காந்தார், மிருதங்கமும் தரையிலதானே இருந்தது? அந்தப் பொண்ணு சொல்றபடி பண்ண விடுங்கோ.”

முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் இப்படிப்பட்ட கேள்விகள் எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும். சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

செல்லக்கனி புடவைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு மண்டியிட்டாள். பிறகு கையையும் ஊன்றினாள். காதைத் தரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவரோரமாகத் தவழ ஆரம்பித்தாள். இரண்டு பிள்ளை பெற்றவள், அடுத்தவர் வீட்டில், மூத்தவர் முன்னால் நாலு காலில் போவதைப் பார்த்து வைகுண்டராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு வெட்கமே இல்லை. மில்லில் ஓடும் இயந்திரத்துக்கு அடியில் பஞ்சு பொறுக்கத் தவழ்ந்த உடம்புதானே. அங்கே தவழ்ந்தது சூப்பர்வைசருக்காக, இங்கே தவழ்வது தனக்காக.

மூலையில் முழக்கம், அது வேண்டாம். ஒரு முழம் தள்ளினால் குறைந்தது, ஆனாலும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு வால் நீண்டது. இன்னும் தள்ளினாள். ஜன்னலுக்குக் கீழே, மூலையிலிருந்து இரண்டரை முழம். தொம். அடித்தது, நின்றது. அடுத்த தொம் தனியாக வந்தது. விரல் மாறுவதுகூடக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே ஒரு நிமிஷம் கிடந்தாள்.

“மாமி, கோலப்பொடி இருந்தா இந்த இடத்துல ஒரு புள்ளி வைங்க” என்றாள்.

புள்ளி வைத்த இடத்தில் ஒரு மணையைப் போட்டு, மணையின் மேல் பெட்டியை வைத்தார்கள். அழகியமணவாளன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கேசட் ஓடியது.

முதல் தொம்முக்கு அவர் நிமிர்ந்தார். இரண்டாவதற்கு வாய் திறந்தது. தனியை முடித்துவைக்கும் தீர்மானம் வரும்போது வலது கை தொடையில் தாளம் போட, இடது கை தானாக எழுந்து காற்றில் தொப்பியைத் தட்டிக்கொண்டிருந்தது. கேசட் முடிந்ததும் தானே எழுந்துபோய்த் திரும்ப முதலிலிருந்து போட்டார். ஸாவித்ரி வேலையை மறந்து நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான்கு மணிக்கு மதுரைக்காரர் டெம்போவில் வந்து இறங்கினார். தெருவில் நின்றபடியே காதைத் தீட்டினார். உள்ளே வந்து, அறைக் கதவருகில் நின்று கேட்டார்.

“சார், எங்கிட்டச் சொல்லாம பதினெட்டு இஞ்ச் போட்டுட்டீங்களா?”

“பத்து” என்றாள் செல்லக்கனி.

அவர் குனிந்து பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தொழில் தெரிந்தவர், அதனால் வாதம் பண்ணவில்லை. ஸாவித்ரி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, பதினைந்து இஞ்ச் பெட்டியை இறக்காமலே டெம்போவைத் திருப்பச் சொன்னார். செல்லக்கனிக்குத் தெருவில் இறங்கிக் குலவை போடலாம் போல இருந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஒயரைச் சுற்றினாள்.

அழகியமணவாளன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, பழக்க தோஷம், வைகுண்டராஜிடம்தான் போனார்.

“என் சிநேகிதர் நம்பி, அடுத்த தெருவுல இருக்கார். இதைக் கேட்டா அவரும் விடமாட்டார். அவருக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும். எப்போ கொண்டு வர்றேள்?”

வைகுண்டராஜ் கடப்பைக்கல்லைப் பார்த்தார், தரையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“என்னக் கேக்காதீங்க சார். நான் பேண்டேஜ் யாவாரி, கூட வந்த ஆளு. கடைக்காரி இவதான்.” பிறகு அவள் பக்கம் திரும்பினார். “செல்லக்கனி, சார் கேக்காருல்ல? சொல்லும்மா, என்னைக்குப் பெட்டி கொண்டு வார?”

செல்லக்கனி முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“பெட்டியப் பொறவு பேசுவோம் சார். புதன்கெழம வாரேன், மொதல்ல அவர் ரூமைப் பாக்கணும்.”