பதினான்காம் எண் கட்டடத்தில் குடியிருப்பவர்கள்

"டூத்பிரஷ்!" என்று கூவினாள் ஷாஹிநாஸ். "குளியலறையில ஒரு டூத்பிரஷ்கூட இல்ல. மூணு பேர் குடியிருக்கிற வீடுன்னு யார் நம்புவாங்க?"

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த நஃபீஸா துணியைப் பிழிந்து ஓரமாகப் போட்டாள். அந்தக் கட்டடத்தின் வாயிற்காவலன் மஹ்ரூஸின் மனைவி அவள். "நான் ஓடிப்போய் வாங்கியாறேன், மதாம். ஆனா புதுசா இருந்தா சந்தேகப்படுவாங்க. கொஞ்சம் நனைச்சு, பேஸ்ட் தடவி வைங்க."

ஷாஹிநாஸுக்குக் கன்னம் சுட்டது. பொய்யைத் தான் சொல்ல, அதற்கு மெருகேற்றும் வேலையும் இவளுக்கா?

பள்ளிக்கூடத்திலிருந்து வீடு பார்க்க ஆள் வர இன்னும் அரை மணி நேரமே இருந்தது. நான்கு மாதமாகப் பூட்டிக் கிடந்த வீடு அது. அலெக்ஸாண்ட்ரியாவுக்கு வெளியே, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி எழும்பியிருந்த புது நகரத்தில் லிஃப்ட்டும் தோட்டமும் உள்ள வீட்டுக்கு அவர்கள் குடிபோய்விட்டார்கள். விலை ஏறட்டும் என்று பழைய வீட்டை விற்காமல் வைத்திருந்தான் அவள் கணவன் ஹுஸாம். ஆனால் மகள் லுஜைனின் பள்ளிக்கூடத்தை விட மட்டும் இருவருக்கும் மனம் வரவில்லை. அந்த வட்டாரத்தில் அதைவிட நல்ல பள்ளி கிடையாது. வட்டாரத்தை விட்டுப் போன பிள்ளை பள்ளியையும் விட வேண்டும் என்பது விதி. ஆகவே அவர்கள் போகவே இல்லை என்று ஆக்கினார்கள். மின்சார ரசீது ஹுஸாமின் பெயரில்தானே வருகிறது?

"ராத்திரி எங்க தூங்குவே?" என்று மகளை மறுபடி கேட்டாள்.

"இங்கதான். அந்த அறையில" என்றாள் எட்டு வயது லுஜைன். பிறகு யோசித்துவிட்டு, "வர்தாவும் இங்கதான் இருக்கான்னு சொல்லவா?" என்றாள்.

வர்தா, நஃபீஸாவின் மகள். லுஜைனின் வயதுதான். லுஜைன் எழுதி மிச்சம் வைத்த நோட்டுகளில்தான் அவள் எழுத்துப் பழகினாள்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றாள் தாய்.

பத்து மணிக்கு வந்தாள் பள்ளியின் சமூக அலுவலர் இஃதிதால். கையில் கோப்பு, முகத்தில் பல வீடு ஏறி இறங்கிய களைப்பு. படுக்கைகளைப் பார்த்தாள், குளியலறையை எட்டிப் பார்த்தாள், சோபாவில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க, மதாம். ஊரை விட்டுப் போனவங்க எல்லாரும் பழைய விலாசத்தைக் காட்டுறாங்க. மூணாம் வகுப்புல ஒரே ஒரு இடம். உங்க பொண்ணு இருந்தா அவளுக்கு. இல்லேன்னா இந்தத் தெருவுலயே ஒரு பொண்ணு காத்திருக்கு. ஆனா அவங்ககிட்ட இருப்பிடச் சான்று எதுவும் இல்லைன்னு போட்டிருக்கு."

தேநீர்த் தட்டோடு உள்ளே வந்த நஃபீஸா பாதியில் நின்றாள். தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சிணுங்கின. பிறகு தட்டை மெதுவாக மேசையில் வைத்து, "சர்க்கரை எத்தனை?" என்று கேட்டாள்.

"மூணு" என்றாள் இஃதிதால்.

கிளம்பும்போது வாசலில் மஹ்ரூஸை நிறுத்தினாள். "ஏம்பா, மூணாவது மாடிக்காரங்க இங்கதான் குடியிருக்காங்களா?"

மஹ்ரூஸ் தன் செருப்பைப் பார்த்தான். காலையில் ஹுஸாம் தொலைபேசியில் பேசியிருந்தான். "ஆமா, உஸ்தாஸா" என்றான் பணிவாக. "தெனமும் நான்தான் கதவு தெறந்து விடறேன்."

"வாசல்காரன் சொல்லைவிட வேற சாட்சி எதுக்கு?" என்று சிரித்தபடி கோப்பைச் சுவரில் வைத்துக் கையெழுத்திட்டாள் அவள்.

மாடியில் நஃபீஸா தம்ளர்களைக் கழுவினாள். ஒரே தம்ளரை நெடுநேரம் கழுவினாள்.

"மதாம், ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"என் வீட்டுக்காரரு சொல்லு உங்க புள்ளைக்குச் செல்லுது. அவரு பெத்த புள்ளைக்கு மட்டும் ஏன் செல்லல?"

ஷாஹிநாஸ் கழுவிய தம்ளர் ஒன்றை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள். பதில் தெரியாமல் இல்லை.

மஹ்ரூஸ் குடும்பம் படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறையில் பதினோரு வருஷமாக இருந்தது. வர்தா அங்கேதான் பிறந்தாள். ஆனால் அந்த அறைக்கு மீட்டர் கிடையாது. பொது விளக்கிலிருந்து ஒரு கம்பி இழுத்திருந்தார்கள். வாடகைப் பத்திரமும் கிடையாது. அதனால் வர்தா, டிராம் பாதையையும் பெருஞ்சாலையையும் தாண்டி, பிற்பகல் முறைப் பள்ளிக்கூடத்துக்குப் போய், எழுபது பிள்ளைகளோடு நெருக்கி உட்கார்ந்து, இருட்டிய பிறகு திரும்புவாள். இந்தக் கோடையின் தொடக்கத்தில், அவர்கள் குடிபோவதற்குச் சில நாள் முன்பு, மஹ்ரூஸ் மேலே வந்தான். கட்டட உரிமையாளர் சங்கத்தின் செயலாளர் ஹுஸாம்தான். "இவன் இங்க குடியிருக்கான்னு ஒரு வரி எழுதி முத்திரை போட்டுக் குடுங்க, ஹுஸாம் பே. பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சேத்துக்குவாங்க" என்று கெஞ்சினான்.

"சங்கத்துல கேட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தியதும் ஹுஸாம் சொன்னான்: "இன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்கும்பான். நாளைக்கு அந்தக் காகிதத்தைத் தூக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போவான். அறை அவனுக்குன்னு ஆயிடும். எந்தக் கட்டடத்துலயாவது வாசல்காரனுக்குக் காகிதம் குடுத்திருக்காங்களா?"

அப்போது ஷாஹிநாஸ் சமையலறையில் கத்தரிக்காய் வறுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். அந்தத் தண்ணீர்ச் சத்தம் இப்போது அவள் காதில் இரைந்தது.

புது வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அது அடங்கவில்லை. சாப்பாட்டு மேசையில் பேச்செடுத்தாள்.

"நாலு வரி எழுதிக் குடுத்தா என்ன குறைஞ்சிடும், ஹுஸாம்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. இரக்கப்படணும்னா பெருநாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஒரு சட்டை எடுத்துக் குடு."

போன பெருநாளைக்கும் சட்டைதான் கொடுத்திருந்தாள். நஃபீஸா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும், அதைப் பார்த்துத் தான் மகிழ்ந்துபோனதும் நினைவுக்கு வர, ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

மறுநாள் ஹுஸாம் வேலைக்குப் போனதும், மேசை இழுப்பறையிலிருந்து சங்க முத்திரையை எடுத்தாள். பழைய வீட்டில் பாதி அவள் பெயரில் இருந்தது. உரிமையாளர் என்ற முறையில், மஹ்ரூஸும் அவன் குடும்பமும் பதினோரு ஆண்டுகளாகப் பதினான்காம் எண் கட்டடத்தில் குடியிருக்கிறார்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை குத்தினாள். நஃபீஸாவையும் வர்தாவையும் கூட்டிக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

இஃதிதால் காகிதத்தைப் படித்தாள். "எல்லாம் சரிதான், மதாம். ஆனா ஒரு நாள் முந்தி வந்திருக்கணும். அந்த இடம் நேத்தே முடிஞ்சிருச்சே. உங்க பொண்ணுக்கே குடுத்தாச்சு."

இதைத்தான் சொல்வாள் என்று ஷாஹிநாஸுக்குத் தெரியும். இருந்தும், எங்கேயாவது ஒரு நாற்காலி கூடுதலாகக் கிடைக்கும், தன் கையிலிருந்து எதுவும் போகாமல் இந்தப் பாரம் இறங்கிவிடும் என்று வழியெல்லாம் நம்பிக்கொண்டு வந்திருந்தாள். நஃபீஸா குனிந்து, நன்றாகவே இருந்த வர்தாவின் ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"நாங்க அங்க இல்ல" என்றாள் ஷாஹிநாஸ்.

"என்னது?"

"ஜூன் மாசமே குடிபோயிட்டோம். நேத்து நீங்க பாத்த படுக்கையெல்லாம் காலையில விரிச்சது."

இஃதிதாலின் முகம் சிவந்தது. ஆனால் கோபம் பாய்ந்தது வேறு பக்கம். "அப்ப அந்த வாசல்காரன் என் மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னானா? அவன் பொண்ணா இது? அப்படிப்பட்டவன் விலாசத்தை மட்டும் நான் எப்படி நம்பறது?"

நஃபீஸா வர்தாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினாள்.

"நில்லு, நஃபீஸா" என்றாள் ஷாஹிநாஸ். "பொய் எங்களோடது, உஸ்தாஸா. சொல்லச் சொன்னது நாங்க. முடியாதுன்னா அவருக்கு வேலை இருக்காது. அவர் வேற என்ன சொல்லுவார்?"

மஹ்ரூஸை 'அவர்' என்று அவள் சொன்னது அதுவே முதல் தடவை.

"எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுத்தாள். இஃதிதால் லுஜைனின் கோப்பை மேலடுக்கிலிருந்து எடுத்துத் தனியே வைத்துவிட்டு, வர்தாவின் காகிதத்தை அந்த இடத்தில் வைத்தாள்.

லுஜைன் புதுப் பள்ளி வாசலில் மூன்று நாள் அழுதாள். "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள். ஷாஹிநாஸ் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். ஒரு குழந்தைக்குச் செய்த அநியாயத்தை இன்னொரு குழந்தையின் கண்ணீரில் கழுவியதுபோல இருந்தது. ஹுஸாம் உப்பு வேண்டுமென்றால்கூட மகள் மூலமாகக் கேட்டான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும் உரிமையாளர்கள் நால்வர் கட்டட வாசலில் கூடினார்கள். வீட்டில் பாதி உன் பெயரில்தானே, நீயும் வா என்று மனைவியையும் அழைத்து வந்திருந்தான் ஹுஸாம். தீர்மானத்தை அவனே எழுதி, அவனே வாசித்தான். பள்ளி அதிகாரியிடம் பொய் சொன்ன ஆளைக் காவலுக்கு வைத்திருப்பது கட்டடத்துக்குப் பாதுகாப்பு அல்ல. ஆகவே மஹ்ரூஸ் ஒரு வாரத்துக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும்.

ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. "நல்ல முடிவு" என்றார் முதல் மாடி மருந்துக்கடைக்காரர்.

மஹ்ரூஸ் உள்ளே போய் மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டத் தொடங்கினான். நஃபீஸாதான் வெளியே வந்தாள்.

"நாங்க எங்கயும் போறதா இல்ல, பே."

"என்ன சொன்னே?"

"இந்த வட்டாரத்தை விட்டுப் போனா எம்பொண்ணு பள்ளிக்கூடத்தை விடணும். அது இப்பத்தான் சேந்திருக்கு. நாங்க இங்கதான் குடியிருக்கோம்னு பள்ளிக்கூடத்து ஆபீசுல முத்திரையோட இருக்கு. கோர்ட்டு காகிதத்தோட வாங்க, பாத்துக்கலாம்." அவள் குரல் உயரவே இல்லை.

"நான் அன்னைக்கே சொன்னேன்!" ஹுஸாம் மனைவியின் பக்கம் திரும்பினான். இரண்டு வாரத்துக்குப் பிறகு அவளோடு அவன் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. "சொல்லு. என்ன எழுதறோம்னு தெரியாம கையெழுத்துப் போட்டுட்டேன்னு இவங்ககிட்ட சொல்லு. அது போதும்."

நால்வரும் அவளைப் பார்த்தார்கள். நஃபீஸா மட்டும் பார்க்கவில்லை. எதிர்பார்ப்போ நன்றியோ இல்லாமல், தெருவைப் பார்த்து நின்றாள். அது நியாயந்தான் என்று ஷாஹிநாஸுக்குப் பட்டது.

"கையெழுத்து என்னுதுதான்" என்றாள். "தெரிஞ்சேதான் போட்டேன். கோர்ட்டுல கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன்."

படிக்கட்டுக்கு அடியில், மஹ்ரூஸின் கை கயிற்றில் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் மனைவியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, போட்ட முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்க்க ஆரம்பித்தான்.