மேற்கே போன புகை

எர்ணாவூரில் சாலமோனின் காயலான் கடைக்குப் பின்னால் ஒயர் கொளுத்துவது வரலட்சுமியின் வேலை. மேல்தோல் எரிந்து போனால் உள்ளே இருக்கும் செம்பு மிஞ்சும். விடிகாலையில், காற்று கடலைப் பார்த்து வீசும்போதுதான் அவள் தீ வைப்பாள். மத்தியானம் கடற்காற்று கிளம்பிவிட்டால் புகை நேராக மேற்கே போய், அவள் குடியிருக்கும் ஹவுசிங் போர்டு வீடுகளுக்குள் நுழையும். அங்கே அவளுடைய ஆறு வயது மகள் மலர் இருக்கிறாள். மலருக்கு வீசிங். அப்போ கடலில் இருக்கிறவனுக்கு மூச்சு இல்லையா என்று கேட்டுப் பாருங்கள், சண்டைக்கு வருவாள். ஒரு தாய் எத்தனை பேருக்குத்தான் கவலைப்படுவாள்?

“வீட்டுக்குப் பக்கத்துல யாராவது எதையாவது எரிக்கிறாங்களாம்மா?” என்று டாக்டர் கேட்டபோது, “குப்பைதான் சார் எரியுது” என்று சொல்லிவிட்டு வந்தாள். கூலியில் பாதி மருந்துக் கடைக்கே போகிறது. மருந்து வாங்கத்தான் மறுபடி கொளுத்துகிறாள். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

அன்று மத்தியானம் சாலமோன் அவசரமாக வந்தான்.

“வரலட்சுமி, லாரி இன்னிக்கே வருதாம். கீற ஒயரு பூரா கொளுத்திடு.”

“காத்து திரும்பிடுச்சுண்ணா. காலைல பாத்துக்கலாம்.”

“லாரிக்காரன் காலைல வரிக்கும் நிப்பானா? முடியலன்னா சொல்லு, வேற ஆளு கீது.”

வரலட்சுமி யோசித்தாள். மலர் இந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். பள்ளிக்கூடம் கிழக்கே, கடற்கரைப் பக்கம். புகை அங்கே போகாது. மகள் வீடு திரும்புவதற்குள் எல்லாம் கலைந்துவிடும். தீயை வைத்தாள். கரும்புகை சுவரைத் தாண்டி மேற்கே போனது.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு ரூபினாவின் போன் வந்தது.

“எங்கடி கீற? மலருக்கு ஜொரம்னு இஸ்கூல்லேர்ந்து உனக்கு போன் பண்ணாங்களாம், நீ எடுக்கல. அப்பால எனக்கு பண்ணாங்க, நான்தான் போயி இட்டாந்தேன். நல்லாத்தான் தூங்கிகினு இருந்துச்சு. இப்ப மூச்சு இழுக்குது. எந்தப் பாவியோ ஒயர் கொளுத்துறான், வூடு பூரா பொகை. அவன் கை வெளங்காமப் போவ! சீக்கிரம் வா!”

வரலட்சுமி மண்ணை வாரி வாரித் தீயின் மேல் கொட்டினாள். அது அணையவில்லை, இன்னும் அதிகமாகப் புகைந்தது. சாலமோன் பின்னால் கத்துவதைக் காதில் வாங்காமல் ஓடினாள். வழியெல்லாம் புகையும் கூடவே வந்தது.

ரூபினா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் மலரின் விலாவில் குழி விழுந்தது. அம்மாவைப் பார்த்ததும் கையை நீட்டினாள். வரலட்சுமி கிட்டே போனதுதான் தாமதம், குழந்தைக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பி ரூபினாவின் தோளில் புதைத்துக்கொண்டாள்.

ரூபினாவின் மூக்கிலும் அந்த நாற்றம் ஏறியது. வரலட்சுமியின் புடவையையும் கரி படிந்த கையையும் பார்த்தாள்.

“நான்தாங்க்கா கொளுத்துனேன்.”

ரூபினா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“அப்பால பேசிக்கலாம். நீ கிட்ட வராத. ஆட்டோ கீது, முன்னாடி ஏறு.”

ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்தாள். பெற்ற பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளக்கூட லாயக்கில்லாமல் போய்விட்டோமே! மகளின் மூச்சு கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டாள். இன்ஜின் சத்தம்தான் கேட்டது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

“அக்கா, மூச்சு வுட்றாளாக்கா?” என்று ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

“வேகமாப் போவச் சொல்லு” என்றாள் ரூபினா.