கொட்டாய் சந்து படுத்துப் பார்த்தது

கோடையில் பிடித்த தீயில் கொட்டாய் சந்து பாதி எரிந்து போயிற்று. மலையடிவாரக் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த சந்து. அதே இடத்தில் காரை வீடு கட்டித்தர சர்க்கார் பணம் ஒதுக்கியிருந்தது. ஜனங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பணம் வேறு ஊருக்குப் போய்விடும். சம்மதம் வாங்க வந்தவன் ஓவர்சியர் சகாதேவன். வீட்டின் வரைபடமும் அவன் போட்டதுதான்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். மனைவி போன ஆடியில் இறந்தாள். அதன்பின் எதுவும் அவனுக்குள் இறங்கவில்லை. சோறு வைத்தால் தின்றான், மழை வந்தால் குடை விரித்தான்.

கூட்டம் போட்டுப் பார்த்தான். எதைக் கேட்டாலும் "சரிங்க சார்" என்றார்கள். கை தூக்கச் சொன்னால் ஒருவரும் தூக்கவில்லை.

"கண்ணால பாக்காத ஊட்டுக்கு எப்டி சார் கை தூக்கறது?" என்றாள் சந்துக்காரி திரௌபதி.

சம்மதம் வாங்க அன்று கடைசி நாள். கரி படிந்த மண்ணில் சுண்ணாம்புத் தூளால் ஒரு வீட்டை முழு அளவில் கோடு போட்டான். கிழக்கே வாசல். மேற்கே மலைப்பக்கச் சுவரோரம், நீளவாட்டில் அடுப்பு மேடை.

"இம்மாந்தூண்டா?" என்றாள் திரௌபதியின் மாமியார் சந்திரம்மாள்.

"படுத்துப் பாத்துட்டா தெரிஞ்சிடுது அத்தை."

திரௌபதி பாய்களோடு வந்தாள். குடும்பமே பின்னால் வந்தது. ஒருவரும் கோட்டைத் தாண்டவில்லை. வாசலுக்கு விட்டிருந்த இடைவெளி வழியாகவே நுழைந்தார்கள். இல்லாத நிலைப்படிக்குத் தலை குனிந்தான் திரௌபதியின் புருஷன் காசி. சகாதேவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

மேற்கே மேடைப் பக்கம் தலை வைத்து வரிசையாகப் படுத்தார்கள். காசி நெட்டையன்.

"டேய் காசி, உன் காலு சொவரப் பொத்துக்கினு வெளிய வந்துடுச்சிடா" என்றது கூட்டம்.

"தலையைக் கிழக்கே மாத்திப் படுங்களேன், கால் மேடைக்கு அடியில போயிடும்" என்றான் சகாதேவன்.

சிரிப்பு நின்றது.

"மலைக்குக் காலை நீட்டறதா சார்?" என்றான் காசி மெதுவாக. "மலைதான சாமி."

"அப்படீன்னா தெற்கே தலை வைக்கலாமே?"

"ரெண்டு வரிசையாய்டும். என் காலு அத்தை தலைமாட்டுல இருக்கும்" என்றாள் திரௌபதி.

"இப்ப மட்டும் எங்க வெச்சிருக்கா?" என்றாள் சந்திரம்மாள்.

சந்து மறுபடி சிரித்தது.

சகாதேவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான், வாசல் வழியாகத்தான். அடுப்பு மேடைக் கோட்டைக் காலால் அழித்தான். தெற்கே நீளம் குறைந்த சுவரோரம் புதிதாகப் போட்டான்.

"இப்ப நகருங்க."

எல்லாரும் மேற்கே நகர்ந்தார்கள். காசியின் கால் உள்ளே வந்தது.

அடுத்த வீட்டுப் பாஞ்சாலை பக்கத்து மண்ணில் பாய் விரித்தாள். அவளைப் பார்த்து இன்னொரு குடும்பம். பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. பட்டப்பகலில், கோடே இல்லாத இடத்திலும், வாசலுக்கு வழி விட்டு, சுவருக்கு இடம் விட்டு, சந்து முழுக்கப் படுத்துவிட்டது. கைக்குழந்தைக்கும் தலை மேற்கேதான். தலைகளுக்கு அப்பால் மலை.

வந்த நாளாக அந்த மலை அவன் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. இன்றைக்குத்தான் பார்த்தான். உடம்பு சிலிர்த்தது. கேட்க வேண்டியது மறந்து போயிற்று.

"இப்பத் தூக்கலாமா சார்?" என்றாள் திரௌபதி, படுத்தபடியே.

தலையாட்டினான்.

சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, தரையிலிருந்து கைகள் எழுந்தன. எண்ணவேண்டும். அவன் அப்படியே நின்றான்.

"கை வலிக்குது சார்" என்றாள் சந்திரம்மாள். "சீக்கிரம் எண்ணுங்க."