பிரேக் அக்காவின் வலது கால்

காரில் ஏறுவது பிரேக் அக்காவுக்கு இப்போது ஒரு தனி வேலை. முதலில் சீட்டுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். பிறகு மெல்ல உட்கார வேண்டும். கடைசியில் இரண்டு முழங்காலையும் ஒட்ட வைத்துக்கொண்டு, கால்களைச் சேர்த்தே உள்ளே திருப்ப வேண்டும். வழுக்கித் திரும்ப வசதியாக சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பையை வேறு விரித்திருந்தாள். இதில் கொஞ்சம் பிசகினாலும் அடிவயிற்றுக்குக் கீழே, முன்பக்கம் எலும்புகள் சேரும் இடத்தில், உயிர் போய் உயிர் வரும்.

ஏழாம் மாதம். குழந்தைக்கு ஒன்றும் இல்லை, இடுப்பு மூட்டுதான் தளர்ந்து வலிக்கிறது, நிறையப் பேருக்கு வருவதுதான் என்று பிசியோதெரபி அம்மா சொல்லிவிட்டார். சின்ன அடியாக நட, கனம் தூக்காதே, காலை அகட்டாதே, ஒற்றைக் காலில் நிற்காதே. இவளும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றைக் காலில்தான் நின்றாள். மாமியாருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே தீருவது என்று.

டிரைவிங் ஸ்கூலில் அவள் ஒன்பது வருஷமாக வாத்தியார். பழகுகிறவர்கள் பதறும்போது, ஸ்கூல் காரில் வாத்தியார் பக்கம் தனியாக இருக்கும் பிரேக்கை அவள் மிதிக்கிற வேகத்தைப் பார்த்து வைத்த பெயர்தான் பிரேக் அக்கா. வலி வந்ததும் முதலாளி மற்ற ஆட்களையெல்லாம் வேறொருவரிடம் மாற்றிவிட்டார். மாமியாரை மட்டும் அவள் விடவில்லை. புருஷன் கப்பலில் இருக்கிறான், குழந்தை பிறந்த பிறகுதான் வருவான். வீடோ மேட்டின் உச்சியில். கூப்பிட்டால் வாடகை வண்டி வந்தாலும் வரும், வராமலும் போகும். வாசலில் சொந்தக் கார் நிற்கிறது, கிளட்சை மிதிக்க அவள் காலால் ஆகாது. பிரசவ வலி எடுக்கும்போது வீட்டில் இருக்கப்போவது இந்த அத்தை ஒருத்திதான். லைசென்ஸ் டெஸ்டுக்கு இன்னும் இரண்டே நாள்.

அத்தைக்கோ இந்த வலியில் துளியும் நம்பிக்கை இல்லை. "நாங்கல்லாம் பிள்ளை பெறலையா? குனிஞ்சு நிமிர்ந்து வீட்டைத் துடைச்சா எல்லாம் சரியாப் போயிடும்" என்பாள். வண்டி என்னவோ நன்றாகத்தான் ஓட்டினாள். ஸ்டியரிங் கோணாது, கியர் கத்தாது. அதில் அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அன்று காலை ஆள் நடமாட்டமில்லாத ஒரு தெருவில் திரும்பியபோது, எதிரே குப்பை வண்டி நின்றுகொண்டிருந்தது. பிரேக் அக்காவின் கால் தன்பாட்டுக்குப் போய் மிதித்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை விட்டாள்.

"பார்த்தியா, எவ்வளவு பக்குவமா நிறுத்தினேன்" என்றாள் அத்தை.

பிரேக் அக்கா குனிந்து பார்த்தாள். அத்தையின் இடது கால் கிளட்சில் இருந்தது. வலது கால் ஆக்ஸிலரேட்டர் மேல் சும்மா கிடந்தது. இத்தனை வாரமும் இதுதான் நடந்திருக்கிறது. அத்தையும் மிதிக்கிறாள் என்றே நினைத்து, பழக்கதோஷத்தில் அவளும் மிதித்துவந்திருக்கிறாள்.

"அத்தை, நிறுத்தினது நீங்க இல்ல, நான். உங்க காலைப் பாருங்க."

அத்தை பார்த்தாள். முகம் சுருங்கிப்போயிற்று. "அப்ப இத்தனை நாளும்?"

"நான்தான். ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் அங்க கிழியுற மாதிரி வலிக்குது. சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. நம்பாட்டிப் போங்க. இனிமே நான் மிதிக்கப்போறதில்ல. ஹேண்ட் பிரேக்ல கை வெச்சிருப்பேன், அதுவும் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும். நிறுத்தறது உங்க வேலை."

அத்தை சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள்.

"எனக்கும் இருந்துச்சு" என்றாள் பிறகு. "உன் புருஷன் வயித்துல இருந்தப்போ. படியில உக்காந்து உக்காந்துதான் ஏறுவேன். வேலைக்குப் பயந்து நடிக்கிறேன்னாங்க. அப்புறம் சொல்றதையே விட்டுட்டேன்."

"அப்ப என்னை ஏன் நம்பல?"

"உன்னை நம்பினா, எனக்கு நடந்தது அநியாயம்னு ஆயிடும்ல."

பிரேக் அக்காவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் இப்போது நேரமில்லை.

"அது அநியாயம்தான், அத்தை. வண்டியை எடுங்க."

எடுத்தாள். முதல் நிறுத்தத்தில் வண்டி குதித்துக் குலுங்கி அணைந்தது. அடுத்ததில் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. "மறுபடி" என்றாள் பிரேக் அக்கா. அத்தைக்கு வியர்த்துக் கொட்டியது, ஆனால் முணுமுணுக்கவில்லை. அந்தத் தெருவையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. ஒரு கிடங்கு வாசலிலிருந்து, ஹாரன்கூட அடிக்காமல், ஒரு லாரி ரிவர்ஸில் வந்து தெருவில் இறங்கியது. பிரேக் அக்காவின் வலது கால் எழுந்தது. இரண்டு தொடையையும் சேர்த்து நெருக்கி, அதன் மேல் ஒரு கையை வைத்து அழுத்திக்கொண்டாள். இன்னொரு கை ஹேண்ட் பிரேக்கில் இருந்தது. இழுக்கவில்லை.

வண்டி நின்றது. லாரிக்கும் அவர்களுக்கும் நடுவே இன்னொரு கார் நிற்கலாம், அவ்வளவு இடம்.

"இப்ப யாரு?" என்று கேட்டாள் அத்தை.

"நீங்கதான்."

டெஸ்டில் அத்தை தேறிவிட்டாள். அடுத்த வாரம் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது வீட்டுக் காரை அவள்தான் ஓட்டினாள். அந்தக் காரில் பிரேக் அக்காவின் பக்கம் பிரேக்கே கிடையாது. மேட்டிலிருந்து இறங்கினார்கள், சந்தை நெரிசலைக் கடந்தார்கள், பெரிய சாலைக்கு வந்தார்கள். இந்த ஒன்பது வருஷத்தில் அடுத்தவர் ஓட்டும்போது பிரேக் அக்கா கண்ணை மூடியதே இல்லை. அன்று இமை தானாகச் செருகியது. பின்னாலிருந்து எவனோ விடாமல் ஹாரன் அடித்தான்.

"அடிச்சுக்கோடா. என் மருமக தூங்குறா" என்று அத்தை தாழ்ந்த குரலில் சொன்னது அரைகுறையாக அவள் காதில் விழுந்தது.